பிரேக் மாமாவின் மாத்திரை டப்பா

மலேசியாவின் புக்கிட் பெருந்துங்கில் எவனுக்கும் நெஞ்சு படபடக்கக் கூடாது என்று சட்டம் போடாத குறையாக வாழ்ந்தவர் எங்கள் பிரேக் மாமா. எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலைகளை ஏற்றும் லோரி ஓட்டி ஓய்ந்தவர். இதயத் துடிப்பைத் தணிக்க டாக்டர் கொடுத்த பீட்டா பிளாக்கருக்கு அவர் வைத்த பெயர் ‘பிரேக் மாத்திரை’. தான் சாப்பிட்டதைவிட ஊருக்கு ஊட்டியதுதான் அதிகம். லைசென்ஸ் டெஸ்ட்டா? ஒன்று. பெண் பார்க்க வருகிறார்களா? அரை.

மருந்தியல் மாணவன் என்கிற திமிரில் தடுத்துப் பார்த்தேன்.

“மாமா, ஆஸ்துமாகாரங்களுக்கு இது ஆபத்து லா!”

“போடா. லோரிக்கு ஆஸ்துமா இருக்கான்னு கேட்டா பிரேக் போடுறோம்?”

இந்தப் பாடத்தைப் புஞ்சாக் ஆலாம் பல்கலைக்கழகத்தில் எனக்கு யாரும் எடுக்கவில்லை.

பிறகு நிமோனியா வந்தது. கிருமி இரத்தத்தில் ஏறி, தீவிர சிகிச்சைப் பிரிவில் நினைவில்லாமல் கிடந்தார் மாமா. துடிப்போ பிரேக் அறுந்த லோரி.

“மாத்திரை ஒழுங்கா சாப்பிட்டாரா? திடீர்னு நிறுத்தினாலும் இப்படி ஓடும். தெரிஞ்சாதான் வைத்தியம் பார்க்க முடியும்” என்றார் டாக்டரம்மா.

“ஒரு நாள் விட்டதில்ல டாக்டர். பாருங்க, டப்பா காலி!” என்று பெருமையோடு நீட்டினார் அத்தை.

டப்பா எப்படிக் காலியாகும் என்று எனக்குத் தெரியாதா? மாமா கொடுத்த மாத்திரையை என்ன செய்தீர்கள் என்று எங்கள் வரிசை வீட்டு வாட்ஸ்ஆப் குழுவில் கேட்டேன். கொஞ்ச நேரத்தில் ஆளுக்கொரு பொட்டலத்தோடு ஆஸ்பத்திரியில் ஊர்வலம்.

“நான் சாப்பிடல டாக்டர், சாமி மேடையில வெச்சிருந்தேன்.”

“நான் ரெண்டு போட்டேன். டெஸ்ட்ல பெயில் லா!”

“அப்போ இவர் மாத்திரைய விட்டே பல நாளாச்சு” என்று டாக்டரம்மா தலையில் கை வைத்தார். இதுதான் சமயமென்று என் படிப்பை எடுத்துவிட்டேன். “டாக்டர், எதிர்ப்புச் சக்தி எகிறி உடம்பையே தாக்குறத இந்த மருந்து அடக்கும்னு படிச்சேன். இப்பவே கொடுக்கலாமே?”

“அடக்கலாம்ங்கிறாங்க தம்பி, இன்னும் முடிவாகல. அதிகமா அடங்கினா கிருமிக்குக் கொண்டாட்டம். பிரஷர் வேற தரையில கிடக்கு. முதல்ல அது ஏறட்டும்.”

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று மானிட்டரில் ஓடிய பிரஷர் எண்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏறியது. கொஞ்சம் கொஞ்சமாக மாத்திரையும் தொடங்கினார்கள். தொண்டையில் செருகிய சுவாசக் குழாயை எடுத்ததும் மாமாவின் கம்மிய குரல்: “எவன்டா டப்பாவக் காட்டிக் கொடுத்தது?”

கையைத் தூக்கினேன். அந்தக் கையையே பிடித்து நாடி பார்த்தார்.

“உனக்கென்னடா இப்படி ஓடுது? அரை போடுறியா?”

படித்ததெல்லாம் மறந்து, “குடுங்க மாமா” என்றேன்.