தலையங்கம் அண்ணாச்சியும் பன்னிரண்டு பஞ்சுப் பொதிகளும்

எழுதிப் பழக்கமில்லாதவன் நான். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன். நாலு பேர் கூடியிருக்கும் வீட்டில் குடிக்கத் தண்ணீர் கேட்கக் கூச்சப்பட்டுத் தாகத்தோடு திரும்பி வந்தவன். அப்படிப்பட்டவன் பத்திரிகைக்கு எழுத வருவது அதிகப்பிரசங்கித்தனம்தான், மன்னிக்க வேண்டும். ஆனால் தலையங்கம் அண்ணாச்சியைப் பற்றி வேறு யாரும் எழுதுவதாகத் தெரியவில்லை.

தூத்துக்குடித் துறைமுகத்தில் அவர் அளவுக்கு இங்கிலீஷ் தெரிந்தவரும் கிடையாது, அவர் அளவுக்கு இங்கிலீஷ் தெரியாதவரும் கிடையாது.

யுத்தகாலம் அது. கடற்கரைச் சாலையில் இருந்த ஒரு வெள்ளைக்காரக் கப்பல் கம்பெனியில் அவர் தபால் குமாஸ்தா. நான் அடுத்த மேஜை. சென்னையிலிருந்து ரயிலில் வரும் இங்கிலீஷ் பத்திரிகையைத் துரை படித்துவிட்டுக் குப்பைக் கூடையில் எறிவார். அது கூடையின் அடியைத் தொடுவதற்குள் அண்ணாச்சியின் கை ஏந்திவிடும். தலையங்கத்தை மட்டும் கத்தரித்து, கவர் ஒட்டுகிற பசையை எடுத்து ஜன்னல் கதவில் ஒட்டிவைப்பார். மீதிப் பத்திரிகையைத் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார். "சண்டையில யாரு ஜெயிக்கா அண்ணாச்சி?" என்று கேட்டால், "அது வேற பக்கம்லா வரும்? நான் அங்கன போறதில்ல" என்பார்.

தினமும் ஐந்து புது வார்த்தை. அகராதியில் பொருள் பார்த்துக்கொண்டு, பொழுது சாய்வதற்குள் ஐந்தையும் யாரிடமாவது பேசித் தீர்த்துவிட வேண்டும் என்பது அவர் விதி. "வச்சிருந்தா புளிச்சிரும்லே" என்பார்.

'அல்டிமேட்டம்' என்ற வார்த்தை வந்த அன்று சவரம் செய்துகொள்ளப் போனார். இரண்டு நிமிஷத்தில் இரண்டு கிருதாவும் சமமாக வேண்டும், இல்லையென்றால் நடப்பதற்கு நான் பொறுப்பல்ல என்று கத்தியைக் கையில் வைத்திருந்த மனிதரிடம் அல்டிமேட்டம் கொடுத்தார். அவர் கத்தியை மடக்கிப் பெட்டியில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டார். அண்ணாச்சி ஒரு வாரம் வலது பக்கமாகவே திரும்பி நின்று பேசினார்.

துக்கம் விசாரிக்கிற 'கன்டோலன்ஸ்' வந்த அன்று இன்னும் சிரமம். மத்தியானத்திலிருந்து, "ஒங்க தெருவுல யாருக்கும் ரொம்ப முடியாம இருக்கா வே?" என்று விசாரித்தபடி அலைந்தார். ஊரே ஆரோக்கியமாக இருந்தது. கடைசியில் பால்காரர் ஒருவரின் கிழட்டு மாடு செத்துப்போன செய்தி கிடைத்தது. நேரே போய், துண்டைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, வார்த்தையைச் சொல்லிவிட்டு வந்தார். பால்காரருக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் அழுதுவிட்டார்.

தலையங்கத்தில் வராத இங்கிலீஷ் அவருக்குக் கிடையாது. ஒருநாள் ஒரு கப்பல் கேப்டன் உள்ளே வந்து, தலைவலிக்கு மாத்திரை எங்கே கிடைக்கும் என்று கேட்டார். தலைவலி, மாத்திரை, மருந்துக்கடை மூன்றுமே எந்தத் தலையங்கத்திலும் வந்ததில்லை. அண்ணாச்சி கேப்டனை ஏற இறங்கப் பார்த்தார். நிலைமை நெருக்கடியானது, சம்பந்தப்பட்ட எல்லாத் தரப்பினரும் தாமதமின்றிக் கூடிப் பேச வேண்டும் என்று கணீரென்ற இங்கிலீஷில் அறிவித்தார். கேப்டன் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வெளியே போனார்.

இப்படிப்பட்டவரிடம்தான் என் பிழைப்பு போய் மாட்டியது.

அந்நாளில் கப்பல்கள் கரைக்கு வராது. மைல் கணக்கில் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். கரையிலிருந்து சரக்கைத் தோணியில் ஏற்றிக்கொண்டு போய்ச் சேர்ப்பார்கள். முந்தின நடையில் கருவாடு ஏற்றிய தோணியைக் கழுவிக் காயவைத்த பிறகே பஞ்சு ஏற்ற வேண்டும். அதைப் பார்த்துக்கொள்வது என் வேலை. ஒரு வியாழக்கிழமை, தோணியை ஓட்டும் தண்டல் கழுவாமலே பஞ்சுப் பொதிகளை ஏற்றச் சொன்னார்.

"தண்டல்காரரே, தோணி..." என்று இழுத்தேன்.

"தோணிக்கு என்னலே? கழுவிக்கிட்டு இருந்தா காத்து போயிரும். ஏத்துங்கலே!"

அதற்குமேல் எனக்கு வாய் வரவில்லை. பன்னிரண்டு பொதிகள் போயின. பன்னிரண்டும் அன்றைக்கே திரும்பி வந்தன. கப்பலில் இருந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு திருப்பி அனுப்பிவிட்டார்களாம்.

மறுநாள் ஹெட் கிளார்க் கூப்பிட்டார். "நாளைக்குப் பத்து மணிக்குள்ள இங்கிலீஷ்ல விளக்கம் எழுதிக் குடுக்கணும்னு தொர சொல்லுதாரு. திருப்தியில்லன்னா ஒனக்கு வேலை கெடையாது."

வீட்டில் மூன்று மாதக் குழந்தை. அரிசி கிடைப்பதே பெரும்பாடாக இருந்த நேரம். நான் விளக்கம் எழுதத் தெரியாமல் உட்கார்ந்திருந்தபோது அண்ணாச்சி தாமாகவே காகிதத்தை இழுத்துக்கொண்டார். "நீ சும்மா இரி. நாம பாத்துக்கிடுவோம்" என்றார்.

மூன்று பக்கம் எழுதினார். பிறகு தமிழில் சொல்லிக் காட்டினார். முதல் பக்கம் உலக நிலைமை. இரண்டாம் பக்கத்தில், படகுத்துறையில் நல்ல தண்ணீர்க் குழாய் போடாத நிர்வாகத்தின் தொலைநோக்கின்மையை 'நாம்' வன்மையாகக் கண்டித்திருந்தோம். மூன்றாம் பக்கம், 'ஆயினும்' என்று ஆரம்பித்தது. ஆயினும், இந்தக் குமாஸ்தாவின் அலட்சியத்தை நடுநிலையாளர் எவரும் மன்னிக்க இயலாது.

"அண்ணாச்சி, இது என்னய வேலைய விட்டுத் தூக்கச் சொல்லுத மாதிரில்லா இருக்கு?"

"மறுபக்கத்தையும் சொல்லலன்னா அது என்னலே எழுத்து?"

"முடிவுல என்ன போட்டிருக்கிய?"

"காலம்தான் பதில் சொல்லணும்னு போட்டிருக்கேன்."

வேண்டாம் என்று சொல்ல அப்போதும் எனக்கு வாய் வரவில்லை. கையெழுத்துப் போட்டேன்.

சனிக்கிழமை பத்து மணிக்குத் துரை என்னையும், காகிதத்தைக் கொண்டுபோய்க் கொடுத்த அண்ணாச்சியையும் உள்ளே கூப்பிட்டார். இரண்டாம் பக்கம் வந்ததும் அவர் காது சிவந்தது. மூன்றாம் பக்கத்தில் என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். இது ஒரு குற்றவாளி தன் தலைக்குத் தானே எழுதிய தீர்ப்பு மாதிரி இருக்கிறதே, யார் எழுதியது என்று கேட்டார்.

"வீ" என்றார் அண்ணாச்சி. 'நாம்' என்று அர்த்தம்.

துரை எங்களுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். அங்கே வேறு யாருமில்லை.

காகிதத்தைக் கீழே வைத்தார். பிறகு குழந்தையிடம் பேசுவதுபோல் ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்தி அண்ணாச்சியைக் கேட்டார்: இவன் நல்ல வேலைக்காரனா? யெஸ் ஆர் நோ?

எந்தத் தலையங்கத்திலும் யாரும் எதற்கும் யெஸ் என்றோ நோ என்றோ சொன்னதில்லை. அண்ணாச்சியின் நெற்றி நரம்பு புடைத்தது. ஒருபுறம் என்று ஆரம்பித்துவிடுவார், என் கதை முடிந்தது என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"யெஸ்" என்றார்.

இன்னொரு தடவை தப்பு நடந்தால் இவனோடு உன்னையும் அனுப்புவேன், சம்மதமா என்றார் துரை.

"யெஸ்."

'ஆயினும்' வருமென்று காத்திருந்தேன். வரவேயில்லை. துரை பொதிகளை ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டச் சொல்லவில்லை. வாடை மேல்சாக்கோடு நின்றுவிட்டது என்று அவருக்கும் தெரிந்திருந்தது. சாக்கை மாற்றித் திங்கட்கிழமை கப்பலில் சேர்க்க வேண்டும், அது என் சொந்தப் பொறுப்பு என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

வெளியே வந்ததும் கேட்டேன். "மறுபக்கம் ஒண்ணும் சொல்லலியே அண்ணாச்சி?"

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. கவர்களை எடுத்து அடுக்கத் தொடங்கினார். "ஒன் பொண்டாட்டி புள்ளைக்குச் சோறு வேணுமா வேண்டாமான்னுல்லா கேக்கான். அதுக்கு ஏதுலே மறுபக்கம்?"

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலை ஏழு மணிக்கு நான் சரக்குக் கிட்டங்கிக்குப் போனபோது அண்ணாச்சி கோணி ஊசியோடு அங்கே உட்கார்ந்திருந்தார். இரண்டு பேருமாகப் பன்னிரண்டு பொதிக்கும் புதுச் சாக்குத் தைத்தோம். ஐந்து மணிக்கு வேலை முடிந்தது.