ஆறேகாலில் ஓடிய குழாய்

ஒரு காட்டில், காளான் சோதனைக் கொட்டகையின் வாசலில் அன்று கூடியிருந்தவர்கள் ஆறு பேர்: யானை, கரடி, காட்டுப்பன்றி, மான், குரங்கு, கொட்டகையைக் கவனிக்கும் அழுங்கு. மழைக்கு முளைத்த புதுக் காளான் தொண்ணூற்றேழு. எஃகுக் குழாய் ஒன்று.

குழாய் ஒரு சாண் நீளம். உள்ளே வெள்ளைப் பொடி இறுக்கி அடைத்திருக்கும். காளான் சாற்றை ஒரு முனையில் விட்டு, பம்பால் கரைசலைத் தள்ளினால், சாற்றில் உள்ளவை மறுமுனையில் ஒவ்வொன்றாகப் பிரிந்து வரும். விஷம் இருந்தால் அதுவும் தனியாக வந்து மாட்டிக்கொள்ளும்.

போன மாதம் குழாய்கள் நான்கு இருந்தன. சீக்கிரம் முடிக்கிறேன் என்று குரங்கு அழுத்தத்தை அறுநூறுக்கு ஏற்றியதில், மூன்றில் பொடி அமுங்கி அடைத்துக்கொண்டது. நான்காவதும் போனால் கொட்டகையைப் பூட்டிவிடுவதாக யானை சொல்லியிருந்தது. அதோடு, இனி ஐந்து பேர் கையெழுத்தில்லாமல் பம்பைத் தொடக் கூடாது என்றும் ஆயிற்று.

காலை எட்டு மணிக்கு அழுங்கு படிவத்தை நிரப்பியது. குழாயின் மேல் ஒட்டியிருந்த சீட்டில் எல்லைகள் இருந்தன: அழுத்தம் நானூறுக்குள், கரைசலின் புளிப்பு எண் இரண்டுக்கும் எட்டுக்கும் நடுவே, சூடு அறுபதுக்குள். அழுங்கு யோசித்து, அழுத்தம் இருநூறு, புளிப்பு எண் மூன்று, சூடு முப்பது என்று எழுதியது. இருநூறில் ஓடினால் குழாய்க்கும் நோவில்லை, பத்தே நிமிடத்தில் விடையும் வந்துவிடும்.

புளிப்பும் சூடும் யாருக்கும் புரியவில்லை. ஆகவே அவை அப்படியே ஒப்புதலாயின. அழுத்தம் எல்லோருக்கும் புரிந்தது.

"மூணைக் கெடுத்தவன் நான். எனக்குத் தெரியாதா அக்கா? பாதியா வை," என்று குரங்கு நூறாக்கிக் கையெழுத்திட்டது.

"பாதுகாப்புக்கு" என்று மான் ஐம்பதாக்கியது. பன்றி இருபத்தைந்தாக்கியது. கரடி பன்னிரண்டரை.

"நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா என்னைத்தானே கேப்பாங்க?" என்றது யானை. ஆறேகால்.

பத்து மணிக்குப் பம்ப் ஓடத் தொடங்கியது. அழுங்கு விரல்விட்டு எண்ணியது. ஐந்து முறை பாதி என்றால் முப்பத்திரண்டு மடங்கு நேரம். ஐந்து மணி இருபது நிமிடம். விடை பிற்பகல் மூன்று இருபதுக்கு வரும். சாப்பாடோ பன்னிரண்டுக்கு.

அழுங்கு தயங்கித் தயங்கி யானையிடம் போனது. "ஐயா, அழுத்தத்தைக் கொஞ்சம் கூட்டணும்..."

"கூட்டலாமே. திருத்தப் படிவம் கொண்டா. இப்ப இருக்கிற எண்ணுலேருந்து ஆரம்பிச்சு, அஞ்சு கையெழுத்து."

அழுங்கு மறுபடி எண்ணியது. இன்னும் ஐந்து பாதி. ஏழு நாள், இரண்டு மணி, நாற்பது நிமிடம். திருத்தப் படிவத்தை மடித்து இருந்த இடத்திலேயே வைத்தது.

பன்னிரண்டு மணிக்குப் பன்றி உறுமியது. "இன்னும் என்ன அக்கா?"

"விடை வரலைங்க. தின்னாதீங்க."

"அஞ்சு பேர் கையெழுத்துப் போட்ட சோதனை. அதுல எப்படி விஷம் வரும்?" என்றது கரடி.

"இருந்தாலும் ஜாக்கிரதையா இருக்கணும்," என்றது யானை. "ஆளாளுக்கு இருக்கிறதில பாதிதான் எடுக்கணும்."

சோதனைக்கு அரைத்தது ஒன்று போகத் தொண்ணூற்றாறு. யானை நாற்பத்தெட்டு தின்றது. கரடி இருபத்துநாலு, பன்றி பன்னிரண்டு, மான் ஆறு, குரங்கு மூன்று. அழுங்குக்கு எறும்புதான் ஆகாரம்.

மூன்று இருபதுக்கு விஷம் குழாயின் மறுமுனையில் தனியாக, அழகாக வந்து நின்றது. உயிர் போகாது, வயிறு போகும். அழுங்கு விடைச்சீட்டை எடுத்துக்கொண்டு வெளியே ஓடியது. வாசலில் ஒருவரும் இல்லை. ஆற்றங்கரைப் புதர்கள் ஐந்தும் ஆடிக்கொண்டிருந்தன. ஒன்று மிகப் பலமாக ஆடியது.

"ஐயா, காளான்ல விஷம்!" என்று அதனருகே போய்ச் சொன்னது.

"அது தெரியுது," என்றது புதர். "குழாய்க்கு ஒண்ணும் ஆகலியே?"

"ஒண்ணும் ஆகலைங்க."

"அப்ப பாதுகாப்பு முழு வெற்றின்னு எழுதிக்கோ. கொட்டகையைப் பூட்ட வேண்டாம். கையெழுத்து... கொஞ்சம் பொறுத்துப் போடுறேன்."

நீதி: விஷத்தைக் கண்டுபிடிக்கும் குழாயைப் பத்திரமாகப் பார்த்துக்கொள், விஷத்தைத் தின்றவர்கள் ஆற்றுக்கு வழியைத் தாங்களே கண்டுபிடித்துக்கொள்வார்கள்.

மிச்சம்: குழாய் ஒன்று, காளான் மூன்று.