திருமூர்த்தியின் பனிக்கலப்பை

“பார்க்கிங் எங்கங்க?” என்று கேட்டாள் ருக்மிணி.

திருமூர்த்தி கையை நீட்டிக் காட்டினான். அவன் காட்டிய பக்கம் முழங்காலுக்கு மேல் பனி கிடந்தது. அதற்கு அந்தப் பக்கமும் பனிதான்.

“நாளன்னிக்கு அறுபது கார் வருதுங்க.”

“தெரியும்.”

“தெரிஞ்சு?”

தமிழ்ச் சங்கத்தின் புதுச் செயலாளர் அவன். நியூ ஜெர்சியில் பொங்கல் தை முதல் தேதி வராது. சனிக்கிழமை என்றைக்கு வருகிறதோ அன்றைக்குத்தான் வரும். 1994-ல் அது தை பிறந்து எட்டு நாள் கழித்து வந்தது. பானை வைக்க வெட்டவெளி வேண்டும் என்று ஈஸ்ட் பிரன்ஸ்விக்கிலிருந்து பதினைந்து மைல் தள்ளி, ஒரு பண்ணையில் இருந்த ஹாலைப் போனிலேயே பிடித்திருந்தார்கள். அதற்கப்புறம்தான் வானம் கொட்டித் தீர்த்தது. பனி தள்ளுகிற ஆட்கள் ஒருத்தர் விடாமல் “திங்கட்கிழமை பார்க்கலாம்” என்று சொல்லிவிட்டார்கள்.

சங்கத் தலைவர் சேனாபதி நறுக்கென்று பேசுகிறவர். “வெள்ளிக்கிழமை சாயந்தரத்துக்குள்ள பார்க்கிங் ரெடி ஆகணும் திருமூர்த்தி. இல்லன்னா cancel பண்ணிடலாம். அப்படியே வேற secretary-யும் பாத்துக்கலாம்” என்று கமிட்டிக்கு முன்னாலேயே சொல்லியிருந்தார்.

அதுகூடப் பரவாயில்லை. ருக்மிணி சொன்னதுதான் சுருக்கென்று தைத்தது. வீட்டு கராஜில் மூன்று காலோடு நிற்கிற நாற்காலி இருக்கிறது, சைக்கிள் மிதித்தால் ஓடவேண்டிய மிக்சி இருக்கிறது. எல்லாம் அவன் ஆரம்பித்தவை. “கல்யாணமாகி ஒன்பது வருஷமாச்சு. ஒரே ஒரு காரியத்தையாவது முழுசா முடிச்சுக் காட்டுங்க” என்று அவள் கோபமே இல்லாமல் சொன்னாள். கோபப்பட்டிருந்தால் தேவலை.

பண்ணைக்காரர் வால்டர் குளிருக்குப் பயந்து ஃப்ளோரிடா போயிருந்தார். ஹாலிலிருந்தே அவருக்குப் போன் போட்டான். ஷெட்டில் ஒரு சின்ன டிராக்டர் இருக்கிறது, எடுத்துக்கொள்ளலாம் என்றார். பனி தள்ளுகிற தகடு? அது ஒடிந்துபோய் இரண்டு வருஷம் ஆகிறது. பார்க்கிங்? மெயின் கதவுக்கு நேர் எதிரே, பெரிய இடம், நூறு கார் நிற்கும் என்றார்.

ஹாலுக்கு இரண்டு பக்கமும் ஒரே மாதிரிக் கதவு. ஒன்று கிழக்கே பார்த்தது, இன்னொன்று மேற்கே.

“இதுல எதுங்க மெயின் கதவு?”

“இதென்ன கேள்வி? யாராவது மேற்கே பாத்துத் தலைவாசல் வைப்பாங்களா?”

ருக்மிணிக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. ஈரோட்டில் பிறந்த இரண்டு பேருக்கு இதில் சந்தேகம் வர வழியே இல்லை.

டிராக்டர் நம்மூர் டிராக்டரின் குட்டி மாதிரி இருந்தது. முன்னால் ஒரு பலகையைக் குறுக்கே கட்டி ஓட்டிப் பார்த்தான். பத்தடி போவதற்குள் பனி ஒரு பக்கமாகக் குவிந்து, வண்டியை மறு பக்கம் தள்ளிவிட்டது. இறங்கி அதையே பார்த்துக்கொண்டு நின்றான். ரயில் எஞ்சினுக்கு முன்னால் ஏன் கூராக வைக்கிறார்கள்? படகின் மூக்கு ஏன் அப்படி இருக்கிறது? பனியை ஏன் தள்ள வேண்டும், நடுவில் பிளந்தால் அதுவே இரண்டு பக்கமும் ஒதுங்கிப் போகாதா?

“ருக்கு! V!” என்று கத்தினான்.

“ஐயோ, ஆரம்பிச்சாச்சா!” என்றாள் அவள்.

நூர் அகமதுவுக்குப் பக்கத்து ஊரில் கார் ரிப்பேர் கடை. சங்கத்தில் வெல்டிங் தெரிந்த ஒரே ஆள் அவர்தான். திருமூர்த்தி காகிதத்தில் போட்ட படத்தை அவர் தலைகீழாகவும் திருப்பிப் பார்த்தார்.

“எத்தன டிகிரி வேணும் திரு?”

“அதான் பாய் எனக்கும் தெரியல. அறுபது வெச்சுப் பாக்கலாமா, தொண்ணூறு வெச்சுப் பாக்கலாமா?”

“பொங்கல் இந்த வருஷந்தானே?”

எழுபத்தைந்தில் முடிவானது. முதல் கலப்பையை ப்ளைவுட்டில் செய்தார்கள். கீல் கிடைக்கவில்லை என்று திருமூர்த்தி தன் வீட்டு பாத்ரூம் கதவின் கீல்களைக் கழற்றிக்கொண்டு வந்தான். கலப்பை பனிக்குள் இருபதடி அழகாகப் போய், சடக்கென்று இரண்டாகப் பிளந்தது. வீட்டில் பாத்ரூம் கதவைச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார்கள்.

அடுத்ததற்கு இரும்பு. கடையின் பழைய அலமாரித் தகடுகளை அகமது வெட்டி ஒட்டிக் கொடுத்தார். அது எடை பற்றாமல் பனிக்கு மேலே ஏறிச் சறுக்கிக்கொண்டு போனது. பாரம் வேண்டுமே என்று பொங்கலுக்கு வாங்கி வைத்திருந்த அரிசி மூட்டைகளை அதன்மேல் ஏற்றினான். இப்போது மூக்கு மண்ணுக்குள் இறங்கி, வால்டரின் புல்தரையைப் பாய் சுருட்டுவதுபோல் சுருட்டியது. போகிற போக்கில் ஒரு தபால் பெட்டியும் சாய்ந்தது. ஒரு மூட்டை கிழிந்து, அரிசி பனியோடு பனியாகக் கலந்தது.

“எது அரிசி, எது பனின்னு பொறுக்கறதுக்கு ஆள் வருதா?” என்று கேட்டாள் ருக்மிணி.

அவனுக்கு அது காதிலேயே விழவில்லை. குனிந்து கலப்பையின் அடியைப் பார்த்துக்கொண்டிருந்தான். “தரையில படவும் கூடாது, தரையை விட்டு ஏறவும் கூடாது. அடியில வழவழன்னு எதையாவது வெச்சா?”

“என்னத்த?”

அவன் அவளைப் பார்த்தான். ஒன்பது வருஷக் குடித்தனத்தில் அந்தப் பார்வை அவளுக்கு நன்றாகவே தெரியும்.

“என் தோசைக்கல்லத் தொட்டீங்க, அவ்வளவுதான்!”

வெள்ளிக்கிழமை மத்தியானம் இரண்டு தோசைக்கற்கள் கலப்பைக்கு அடியில் கவிழ்ந்திருந்தன. ஒன்று அவளுடையது. இன்னொன்று சேனாபதி வீட்டுக் கல். அவருக்குத் தெரியாமல் அவர் மனைவி கொடுத்தது.

கதவுக்குப் பக்கத்தில் முதல் முப்பது கஜம் படாத பாடாக இருந்தது. கல், வேர், பூச்செடித் தொட்டி என்று ஏதாவது ஒன்று தடுக்கிக்கொண்டே இருந்தது. பிறகு ஒரு சின்னச் சரிவு இறங்கியதும் என்ன மாயமோ, டிராக்டர் வெண்ணெயில் கத்தி மாதிரிப் போனது! பனி இரண்டு பக்கமும் அலையாகப் புரண்டு ஒதுங்க, நடுவில் கறுப்பாக, மட்டமாக, ஒரு மேடு பள்ளம் இல்லாத தரை. திருப்பத்தில் பிரேக் போட்டால்கூட வண்டி நிற்க மனசில்லாமல் கொஞ்ச தூரம் போய்த்தான் நின்றது.

“ருக்கு! ஓடுது ருக்கு!” அவன் டிராக்டரிலிருந்தே கையை ஆட்டினான். “நான் செஞ்சது ஓடுது!”

அவள் பிளாஸ்கிலிருந்து காப்பி ஊற்றிக் கொடுத்தாள். பிறகு அவன் தொப்பியில் இருந்த பனியைத் தட்டிவிட்டாள். அவனுக்கு அதுவே போதும்.

இருட்டுவதற்குள் நூறு கார் நிற்கிற இடம் துடைத்து வைத்தமாதிரி ஆகியிருந்தது. சேனாபதி வந்து பார்த்துவிட்டு, வேறு வழியில்லாமல் அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

சனிக்கிழமை அறுபது அல்ல, எழுபத்திரண்டு கார் வந்தது. இறங்கியவர்கள் எல்லாரும் முதலில் தரையைத்தான் பார்த்தார்கள்.

“என்ன பாய், ஒரு pothole கூட இல்ல! நியூ ஜெர்சிதானா இது?”

“எல்லாம் நம்ம திரு வேலை. எழுபத்தஞ்சு டிகிரி” என்றார் அகமது.

“கார் park பண்ணினப்புறமும் லேசா நகருதே?”

“அவ்வளவு level-ஆ இருக்கு சார்” என்றான் திருமூர்த்தி பெருமையாக.

நடு இடத்தை விட்டு, சுற்றிலும் கார்களை நிறுத்தினார்கள். பெண்கள் நடுவில் பெரிய கோலம் போட்டார்கள். கறுப்புத் தரையில் கலர்ப்பொடி பளிச்சென்று எடுத்தது. சேனாபதி ஓங்கித் தேங்காய் உடைத்தார். தேங்காய் உடைந்த சத்தத்துக்குப் பின்னால், எங்கோ கீழே இன்னொரு சத்தம் நீளமாக ஓடியது.

“எக்கோ” என்றார் சேனாபதி. வெட்டவெளியாயிற்றே, இருக்கும் என்று எல்லாரும் தலையாட்டினார்கள்.

பத்தரை மணிக்கு மூன்று செங்கல் வைத்து, விறகு அடுக்கி, பெரிய பானையை ஏற்றினார்கள். கால் மணி நேரத்தில் பானை ஒரு பக்கம் சாய்ந்தது.

“கல்லு இறங்குதுங்க” என்றாள் ருக்மிணி.

“தார் இளகுது. சூடு பட்டா இளகத்தான் செய்யும்” என்றான் திருமூர்த்தி. இன்னும் இரண்டு செங்கல் சொருகினான். அவையும் இறங்கின.

“அடுப்பச் சுத்தி ஒரே தண்ணியா இருக்கே?”

“பனி உருகாம என்ன பண்ணும்? நீ பானையப் பாரு.”

பானை கிழக்குப் பக்கமாகவே பொங்கி வழிந்தது. “பொங்கலோ பொங்கல்!” என்று முந்நூறு பேர் கத்தினார்கள். குழந்தைகள் எல்லாம் “Yay!” என்று எம்பி எம்பிக் குதித்தார்கள். சேனாபதியே மைக்கைப் பிடித்து, “இந்த வருஷப் பொங்கலே நம்ம திருமூர்த்தி போட்ட தரைமேலதான் நிக்குது” என்று அறிவித்தார். எல்லாரும் கை தட்டினார்கள். ருக்மிணிதான் எல்லாரையும் விடப் பலமாகத் தட்டினாள். திருமூர்த்திக்குக் கண் கலங்கிவிட்டது.

அந்த நேரத்தில், சிவப்புத் தொப்பி போட்ட அமெரிக்கக் கிழவர் ஒருவர் கூட்டத்துக்குள் மெதுவாக நடந்து வந்தார். ஒரு கையில் முக்காலியும் வாளியும். தோளில் ஆள் உயர இரும்புத் திருகு ஒன்று. யாரோ அவருக்கும் ஒரு தொன்னையில் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தார்கள். அவர் நின்று முழுவதையும் சாப்பிட்டார். ரொம்ப நன்றாக இருக்கிறது என்றார். பிறகு சேனாபதியின் நீல வேனைச் சுட்டிக்காட்டி, திருமூர்த்தியிடம் ஆங்கிலத்தில் மிகவும் மரியாதையாகக் கேட்டார்:

“அந்த வண்டியைக் கொஞ்சம் தள்ளி நிறுத்த முடியுமா? முப்பது வருஷமா இந்த ஏரியில மீன் பிடிக்க நான் அங்கதான் ஓட்டை போடுவேன்.”