பல்லி சாரும் இடம் மாறிய டம்ளரும்

எனக்குச் சரியாக எழுத வராது. அஞ்சாவதோடு நின்றவள். நடந்ததும் முன்பின்னாகத்தான் ஞாபகம் வருகிறது. படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் ஒன்று மட்டும் உறுதியாகச் சொல்வேன். எங்கள் திருத்தணியில் ஒரு தடவைகூடக் குரலை உயர்த்தாமல், வெறும் தரையில் படுத்தே ஒரு தெருவை நடுங்க வைத்தவர் பல்லி சார் ஒருவர்தான்.

நடக்க முடியாத பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்க வாரம் ஒருமுறை அரக்கோணத்திலிருந்து பஸ்ஸில் வருவார். என் தம்பி மகள் லலிதாவின் குழந்தை வள்ளிக்கு அப்போது மூன்று வயது. குறைமாதத்தில் பிறந்தவள். கால் இரண்டும் குச்சிபோல விறைத்திருக்கும், உட்காரவும் மாட்டாள். லலிதா பவர்லூம் வேலைக்குப் போய்விட்டால் வீட்டில் நானும் வள்ளியும்தான்.

முதல் நாள் வந்தவர் தண்ணீர் கேட்கவில்லை. "தரை எங்கங்க?" என்றார். கட்டிலையும் மூட்டைகளையும் ஓரம் தள்ள வைத்தார். வள்ளியைப் பாயில் விட்டு, எதிரே குப்புறப் படுத்து, முகவாயைத் தரையில் பதித்துக்கொண்டார். அப்புறம் அசையவில்லை. நான் உலை வைத்துச் சோறு வடிக்கிற வரைக்கும் இரண்டு பேரும் கண் கொட்டாமல் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எதிர் வீட்டுக்காரி ஜன்னலில் எட்டிப் பார்த்து, "யக்கா, அந்தாளு மூச்சு உடறாரா பாரு" என்றாள். பல்லி என்று பேர் வைத்தவளும் அவள்தான்.

லலிதாவுக்குக் கோபம். "இன்னா சார், எக்சர்சைஸ் குடுப்பீங்கன்னு பாத்தா நீங்க படுத்துகினு கீறீங்க?"

"அவ முதுகு இன்னா சொல்லுதுன்னு கேட்டுகினு இருக்கேம்மா."

லலிதா குழந்தையின் முதுகைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

அடுத்த வாரம் தூளியை அவிழ்க்கச் சொன்னார். லலிதா வாங்கிப்போட்ட சக்கரம் வைத்த வாக்கர் பரணுக்குப் போனது. சுற்றித் தலையணை முட்டுக்கொடுத்து உட்கார வைக்கிற வேலையும் கூடாது. "சோறு ஊட்டறப்போ மட்டும் நான் கொண்டாந்த நாற்காலில பட்டை போட்டு வைங்க. மத்த நேரம் தரைல உடுங்க. எந்தப் பக்கம் திரும்பறாளோ திரும்பட்டும். இழுக்காதீங்க." பாய்க்குச் சற்றுத் தள்ளி ஒரு எவர்சில்வர் டம்ளரை வைத்துவிட்டுப் போனார்.

அதிலிருந்துதான் வீடு ஒரு மாதிரி ஆனது. மத்தியானத்தில் நான் பின்பக்கம் பாத்திரம் தேய்க்கும்போது உள்ளே சர்ர்ர் என்று ஏதோ இழுபடும். ஓடிப்போய்ப் பார்த்தால் வள்ளி பாய்மேலேயே கிடப்பாள். டம்ளர் மட்டும் வேறு இடத்தில் இருக்கும். மலைக்கோயில் விபூதியைத் தரையெல்லாம் தூவினேன். மறுநாள் விபூதியில் ஒரு தடம். பாம்புத் தடம்போல வளைந்து, பாம்பைவிட ரொம்ப அகலமாக.

சாரிடம் மெதுவாகச் சொன்னேன். "சார், ஊட்ல ஏதோ ஊர்ந்துகினு கீதுங்க."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "ஆங்? எந்தப் பக்கமா போச்சு?"

விஷயம் பள்ளிப்பட்டிலிருக்கும் லலிதாவின் மாமனார் காதுக்குப் போனது. வந்து நின்றார். கிரகணம் விடும்வரை பிள்ளையைக் கழுத்தளவு மண்ணில் புதைத்து வைத்தால் பிடித்தது விலகும், காலும் வரும் என்றார். "ஒரு தடவ பாத்துடலாம் அத்த. நடந்துட்டான்னா?" என்று லலிதா அழுதாள். பெரிய மனுஷர் எதிரே பேசி எனக்குப் பழக்கமில்லை.

கிரகணத்தன்று தெருவில் ஒரு கதவும் திறக்கவில்லை. நந்தி ஆற்று மணலில் மாமனார் பள்ளம் வெட்டி முடித்திருந்தார். வெயில் சாம்பல் பூத்ததுபோல மங்கியது. புங்கமரத்தடியில் விழுந்த வெளிச்சப் பொட்டுகளெல்லாம் அரிவாளாக வளைந்து கிடந்தன. ஒரு காக்காய் சத்தம் இல்லை. வள்ளி என் மடியில் இருந்தாள், கொண்டுபோன பாயை லலிதா பக்கத்தில் விரித்தாள்.

தூரத்தில் மணலில் ஒரு ஆள் மட்டும் வருவது தெரிந்தது. பல்லி சார். அன்றைக்கு அவர் வருகிற நாள். எதிர் வீட்டுக்காரி கதவிடுக்கு வழியாகச் சொல்லி அனுப்பியிருக்கிறாள்.

"பெரியவரே, மொதல்ல என்னப் பொதைங்க."

"உனுக்குக் கால் நல்லாத்தானய்யா கீது?"

"மண்ணு இன்னா பண்ணுதுன்னு பாத்துச் சொல்றேன். தாங்கலாம்னா புள்ளய வைங்க."

மாமனாருக்கும் ரோஷம். பள்ளத்தை அகலமாக்கினார். சார் உள்ளே சம்மணமிட்டார். மண் கழுத்துவரை ஏறியது. கண்ணாடி போட்ட தலை மட்டும் மணல்மேல் இருந்தது. அந்த மங்கலில் அது பேசியது.

"நெஞ்சு விரிய மாட்டேங்குது. கை இருக்கான்னே தெரில. மூக்கு அரிக்குது. யாராச்சும் சொறிஞ்சு உடுங்களேன்."

யார் போவார்கள்? நான் வள்ளியைப் பாயில் கிடத்திவிட்டு எழுந்தேன். இரண்டடி வைத்தேன். அப்போதுதான் பின்னாலிருந்து அந்தச் சத்தம் கேட்டது. சர்ர்ர்.

திரும்பினால் வள்ளி குப்புறக் கிடந்து, முழங்கையை மணலில் ஊன்றி, உடம்பை இழுத்துக்கொண்டு போகிறாள். விறைத்த கால்களுக்கு நடுவே பாய் மாட்டிக்கொண்டு கூடவே போகிறது. பாய்மேல் கிடந்தாள், அதனால் நகரவில்லை என்று இத்தனை நாள் நினைத்திருக்கிறேன்; பாயும் இடம் மாறியிருக்கிறதா என்று பார்க்கத் தோன்றவே இல்லை.

தலைக்கு எதிரே போய்ச் சேர்ந்தாள். முதல் நாள் போலவே இரண்டு பேரும் பார்த்துக்கொண்டார்கள். பிறகு கையை நீட்டி மூக்கில் விரலை விட்டாள்.

"இன்னும் கொஞ்சம் மேல" என்றது தலை.

மாமனார் மண்வெட்டியைக் கீழே போட்டார். அவரே கையால் மண்ணைத் தள்ளி சாரை வெளியே எடுத்தார். காலிப் பள்ளத்தை மூடிவிட்டு, பஸ் ஏறினார்.

சாருக்கு வேறு ஊருக்கு மாற்றலாகிவிட்டது. கிரகணம் ஆடிக் கிருத்திகைக்கு முன்னா பின்னா என்று எனக்குச் சந்தேகம். தேதி தெரிந்தவர்கள் பார்த்துத் திருத்திப் போடவும். வள்ளி இன்றும் நடக்கவில்லை, சக்கர நாற்காலியில் பள்ளிக்கூடம் போகிறாள். வீட்டுக்கு வந்ததும் தரைக்கு இறங்கிவிடுவாள். எங்கள் வீட்டில் எந்த டம்ளரும் வைத்த இடத்தில் இருப்பதில்லை. நானும் எடுத்து வைப்பதில்லை.