இறங்கினதும் வாரேன்

லாரி ஓட்டுகிறவனுக்கு ரோட்டில் உள்ளதெல்லாம் தெரியும் என்று ஒரு மிதப்பு இருக்கும். எனக்கு அது கொஞ்சம் கூடுதல். (பள்ளிக்கூடம் போகாததால் தலையில் நிறைய இடம் காலி.)

கோவில்பட்டியிலிருந்து கேரளாவுக்குப் பருத்திக்கொட்டை லோடு. மறுநாள் காலை புதூர்ப் பக்கம் எனக்குப் பெண் பார்க்கப் போக வேண்டும். அப்பா அம்மா கிடையாது, ஒரே சொந்தம் அக்கா. அவள் செருப்புத் தேய அலைந்து பிடித்த இடம். கிளீனருக்குக் காய்ச்சல் என்பதால் தனியாகவே கிளம்பினேன்.

முன்பக்கம் லேசாக இருந்தால் மலை ஏறச் சுலபம் என்பது என் சொந்த விஞ்ஞானம். மூட்டைகளைப் பின்னால் தள்ளி அடுக்கியிருந்தேன். எல்லைச் சோதனைச் சாவடியில் எடை போட்டார்கள்.

"மொத்த எடை சரிதான். பின் சக்கர ஆக்சில்ல கூடிப்போச்சு" என்றார் அதிகாரி.

"மொத்தம் சரின்னா பெறகு என்ன சார்? முன்னாடி கொறைஞ்சதப் பின்னாடி கழிச்சுக்கிடுங்க."

"ஒவ்வொரு ஆக்சிலுக்கும் தனி அளவுய்யா. ரோடு என்ன மொத்தத்தையா பாக்கும்? ஸ்பெஷல் பெர்மிட் இருக்கா? இல்லன்னா ஓரங்கட்டி மூட்டைய மாத்து."

ஒற்றை ஆளாக மாற்றினேன். மறுபடி எடை போட்டால் முன் ஆக்சிலில் கூடிவிட்டது. அதிகாரி சிரிக்கக்கூட இல்லை. சிரித்திருந்தால் கொஞ்சம் துணையாக இருந்திருக்கும்.

ஊர்ப்பக்கம் திரும்புகிற லாரிக்காரர் ஒருவரை மறித்து, பெண் வீட்டு அடையாளம் சொல்லி, அங்கே இருக்கப்போகும் அக்காவுக்குச் சேதி அனுப்பினேன்.

"அண்ணாச்சி, கொஞ்சம் ஓவராயிட்டு, பெர்மிட்டும் இல்ல, செக்போஸ்ட்ல புடிச்சு வச்சிருக்காவன்னு சொல்லுங்க. இறங்கினதும் வாரேன்."

அவர் நல்ல மனுஷர். ஒரு வார்த்தை கூடக் குறையாமல், கூடியிருந்த அத்தனை பேர் நடுவிலும் அதை அப்படியே சொல்லிவிட்டார்.

அது மதுவிலக்குக் காலம். பெர்மிட் வாங்கினவர்தான் குடிக்கலாம். கரிசல்காட்டில் உழுது பிழைக்கிற சம்சாரிக்கு ஆக்சில் பெர்மிட்டை எங்கே தெரியும்?

பெண்ணின் அப்பா எழுந்துவிட்டாராம். "ஏம்மா, ஒந்தம்பிக்கு நல்லா இறங்கட்டும். எங்க பிள்ளைக்கு ஒண்ணும் அவசரமில்ல."

"ஐயோ, அது லோடுங்க!" என்று அக்கா பதறியிருக்கிறாள்.

"தெரியுது. நல்ல லோடுதான்."

மூன்றாம் தடவை எடை சரியாகி, லோடை இறக்கிவிட்டு, மத்தியானம் நான் நேரே அங்கேயே போய் நின்றேன். தூக்கமில்லாமல் கண் சிவந்து, மூட்டை தூக்கின கால் தள்ளாட. (வேறு சாட்சி வேண்டுமா?) கதவு மூடியிருந்தது. உள்ளே வளையல் சத்தம் மட்டும் கேட்டது.

அதற்குப் பிறகு ஓர் இடமும் அமையவில்லை. இன்றும் கல்யாண வீடுகளில் அக்கா பிள்ளைகள் பந்தி முழுக்கக் கேட்கிற மாதிரி விசாரிப்பார்கள்: "மாமா, இறங்கிட்டா?"

"இன்னும் இல்லலே" என்பேன். எல்லோரையும்விட நான்தான் பலமாகச் சிரிப்பேன்.

ஆக்சில் கணக்கெல்லாம் இப்போது எனக்கு அத்துபடி. வீட்டுக்கு வந்து உலை வைக்கும்போது, ஓர் ஆளுக்கு எவ்வளவு அரிசி போடுவது என்பதுதான் இன்னும் பிடிபடவில்லை. தினமும் மிஞ்சிவிடுகிறது.