கோளாறு அண்ணனும் சிவப்புப் பட்டனும்

தான் செய்த பொருள் கெட்டுப்போக வேண்டும் என்று சாமி கும்பிட்ட ஒரே மனிதர், எனக்குத் தெரிந்து, கோளாறு அண்ணன்தான்.

செஞ்சி பஸ் ஸ்டாண்டு பக்கம், உரக்கடை மாடியில், போனுக்கு ஆப் செய்து கொடுக்கும் எங்கள் ஆபீஸ். முதலாளி, அண்ணன், நான், மூன்றே பேர். மேல்மலையனூர் கோயில் அமாவாசைக்கு ஸ்பெஷல் பஸ் விடும் ஒருவர் ஆப் கேட்டு வந்தார். "கூட்டத்துல எவன் போன்லயாவது ஆப் படுத்துக்கிச்சுன்னா ஒங்க கம்ப்யூட்டருக்குத் தெரியணும். மொதல்ல அதக் காட்டுங்க" என்றார். இந்த வேலை கிடைக்காவிட்டால் ஆபீசுக்குப் பூட்டு என்று முதலாளி சொல்லிவிட்டார். என் மனைவிக்கு அப்போது ஏழாம் மாதம். அவளை விட்டுவிட்டு வேலை தேடி நான் சென்னைக்கு ஓட வேண்டும்.

அவருக்குக் காட்ட அண்ணன் ஒரு சோதனை ஆப் செய்தார். அதில் இருந்தது ஒரே ஒரு சிவப்புப் பட்டன். அமுக்கினால் ஆப் செத்துவிடும். அதைத் தெருவில் எல்லார் போனிலும் ஏற்றினார்.

"இன்னாப்பா, தொட்டதும் மூடிக்கிச்சு?" என்று பூக்கார அக்கா பதறினார்.

"மூடிக்கிச்சா? சூப்பர்க்கா! இன்னொரு தபா அமுக்கு!"

தன்னால் கெட்டுப்போனதே என்று அக்கா மனசு கேட்காமல் ஒரு முழம் மல்லி கொடுத்தார். அண்ணன் அதைக் கம்ப்யூட்டருக்குச் சூட்டிக் கும்பிட்டார்.

ஆப் செத்தால் அண்ணன் உடனே திறக்க மாட்டார். ஒரு டீ குடித்துவிட்டுத்தான் திறப்பார். "மூச்சு வுடட்டும்டா" என்பார். திறந்த பிறகு, ஆப் செத்த கதை கம்ப்யூட்டருக்கு ரிப்போர்ட்டாக வந்ததும் "வந்துட்டான்யா!" என்று அவர் கத்துவது கீழே உரக்கடை வரை கேட்கும்.

பஸ்காரர் வந்தார். பட்டனை அமுக்கினார். ஆப் செத்தது. கம்ப்யூட்டரில் ஒன்றும் வரவில்லை. முதலாளிக்கு வியர்த்தது. அண்ணனோ படியிறங்கிப் போய்விட்டார். அடப்பாவி மனுஷா!

"இன்னாய்யா, ஒண்ணையும் காணோம்?" என்று பஸ்காரர் எழுந்தார்.

அண்ணன் நாலு டீயோடு ஏறி வந்தார். கையில் கொடுத்த டீயை வேண்டாம் என்று சொல்ல முடியாமல் பஸ்காரர் உட்கார்ந்தார். அண்ணன் தன் டீயைக் கடைசிச் சொட்டு வரை நிதானமாகக் குடித்தார். பிறகு போனை வாங்கி ஆப்பைத் திறந்தார்.

"செத்தவன் எழுந்து வந்துதான சார் சொல்லணும், எப்டி செத்தேன்னு?"

எந்த போன், எந்தப் பட்டன், எத்தனை மணி என்று கம்ப்யூட்டரில் எல்லாம் வந்து விழுந்தது. அடியில் 'சரிசெய்பவர்' என்ற இடத்தில் என் பெயர்.

"யாரு இது?" என்றார் பஸ்காரர்.

"இதோ, இவன்தான் சார்" என்று அண்ணன் என்னைக் காட்டினார். "இந்த ஆப்புக்கு இவன் இங்கயே இருந்தாவணும். இவன் இல்லன்னா வேல நடக்காது."

பஸ்காரர் தலையாட்டினார். வேலை எங்களுக்கே கிடைத்தது.

அவர் போனதும், "எல்லாம் எழுதினது நீங்க, என் பேரை ஏண்ணே போட்டீங்க?" என்றேன்.

"புள்ள பொறக்கற நேரத்துல நீ ஊர்ல இல்லன்னா எப்டிடா?" என்று டீ கிளாஸ்களை எடுத்துக்கொண்டு கீழே போனார். நான் நாற்காலியில் உட்கார்ந்து நன்றாக அழுதேன்.