தங்கை கல்யாணமும் ஒரு ஸ்கூட்டர் சாவியும்

கோபக்காரியிடம் கல்யாண வீட்டில் எந்தப் பொறுப்பையும் கொடுக்கக் கூடாது. சந்தனக் கும்பாவைக் கையில் கொடுத்து வாசலில் நிறுத்தலாம் (அதிலும் ஆபத்து உண்டு). என்னிடம் மணமகள் அறைச் சாவியைக் கொடுத்தார்கள். தங்கை கோமதியின் நகைகளும், மாப்பிள்ளை வீட்டார் நம்பி ஒப்படைத்த தாலித் தட்டும் அந்த அறைக்குள்தான் இருந்தன. "உலகு, ஒன்ன விட்டா வேற யார நம்ப?" என்றாள் அம்மா. பத்திரமாக இருக்கட்டும் என்று அந்தச் சாவியை என் ஸ்கூட்டர் சாவி வளையத்தில் கோத்துக்கொண்டேன். அப்போது என்னைப் பற்றி நானே பெருமைப்பட்டது நன்றாக நினைவிருக்கிறது.

கல்யாணம் தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற சாலையில் ஒரு மண்டபத்தில். ஆனி மாதம், சாரல் காலம். பத்தரைக்குள் தாலி கட்டியாக வேண்டும். கோமதி மேடைக்குப் போய்விட்டாள், நான் அறையைப் பூட்டிவிட்டு வந்தேன், அப்போது ஐயர் எலுமிச்சம்பழம் கேட்டார். இல்லை.

என் அப்பா புளியங்குடியில் எலுமிச்சைக் கமிஷன் கடை வைத்திருப்பவர். லாரி லாரியாக வெளியூருக்கு ஏற்றி அனுப்புகிறவர். சொந்த மகள் கல்யாணத்துக்கு ஒரு பழம் எடுத்துவர மறந்துவிட்டார். மாப்பிள்ளை வீட்டார் காதில் விழுவதற்குள் வாங்கி வருகிறேன் என்று கிளம்பினேன். விடியற்காலையில் எழுந்து அலங்காரக்காரப் பெண் தூக்கிக் கட்டிய கொண்டை, அதைச் சுற்றிப் பிச்சிப்பூ. அத்தனையையும் நசுக்கி ஹெல்மெட் போட்டேன். ஏனென்றால் நான் சட்டத்தை மதிக்கிறவள். பள்ளிக்கூடத்தில் குடிமையியல் எடுக்கிறவள்.

தென்காசி கடைத்தெருவில் பழம் வாங்கிக்கொண்டு திரும்பும்போது, ஒரு வளைவில், நுங்கு வண்டிக்குப் பின்னாலிருந்து ஒரு காவலர் நடுரோட்டில் குதித்தார். நான் பிரேக் பிடித்து முடிப்பதற்குள் இன்னொருவர் கை நீட்டிச் சாவியை உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். நின்ற பிறகு கேட்டிருந்தால் நானே காட்டியிருப்பேன். சாவியைப் பிடுங்க எந்தச் சட்டத்தில் இடம் இருக்கிறது? இன்றுவரை தேடுகிறேன், கிடைக்கவில்லை.

"லைசென்ஸ், ஆர்.சி., இன்சூரன்ஸ்" என்றார் சாவிக்காரர்.

"எல்லாம் போன்ல இருக்கு சார். போன்ல காட்டுனா செல்லும்."

"காட்டுங்க."

"போன் சீட்டுக்கு அடியில இருக்கு. சாவியத் தாங்க, தெறந்து காட்டுதேன்."

"பேப்பரக் காட்டுனாத்தாம்மா சாவி."

"சாவி தந்தாத்தான் சார் பேப்பரு!"

இதையே இருவரும் திரும்பத் திரும்பச் சொன்னோம். நடுவில் குற்றால அருவியில் குளிக்கப் போகிற ஒரு வெளியூர்க் கார் வந்தது. உடம்பெல்லாம் எண்ணெயோடு நான்கைந்து பேர் இடுப்புவரை ஜன்னலுக்கு வெளியே தொங்கிக்கொண்டு ஊளையிட்டார்கள். ஒருவன் கையில் பாட்டில். காவலர் அவர்களைப் பார்த்துச் சிரித்து, போகலாம் என்று கை காட்டினார். அடுத்து கட்சிக்கொடி கட்டிய கார். அதற்கு விறைப்பாக ஒரு சல்யூட். எனக்கு அப்போதுதான் உச்சந்தலை சூடானது (ஹெல்மெட்டையும் கழற்றவில்லை). வண்டிகளைச் சோதிக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. குடித்துவிட்டு ஓட்டுகிறவனை நிறுத்துங்கள், கும்பிடுகிறேன். அவனை விட்டுவிட்டு எங்களை ஏன் நிறுத்துகிறீர்கள்?

எங்களை என்றால், ஓரமாக ஒரு கூட்டமே நின்றது. எல்லாம் உள்ளூர் இரு சக்கர வாகனக்காரர்கள். அவர்கள் சாவிகள் ஒரு மஞ்சள் பைக்குள் கிடந்தன. சுந்தரபாண்டியபுரத்துப் பால்காரர் ஒருவர் கேன்களோடு நின்றார். "பால் திரிஞ்சிரும் சார்" என்று அவர் கெஞ்சியதை யாரும் காதில் வாங்கவில்லை. அபராதம் போடுங்கள், கட்டுகிறோம் என்றாலும் வழியில்லை. அபராதம் போடும் எஸ்.ஐ. டிபன் சாப்பிடப் போயிருந்தார்.

சாவிக்காரர் கொஞ்சம் இறங்கி வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார். "செரி, நீங்க யாரு ஆளு?"

ஒரு பெயர் சொன்னால் போதும் என்று புரிந்தது. அதற்காகவே சொல்லக் கூடாது என்று தோன்றியது. நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன்: "நான் யாரு ஆளும் இல்ல. இந்திய நாட்டுக் குடிமகள்!"

(ஆமாம், சொன்னேன். பட்டுச்சேலையும் ஹெல்மெட்டுமாக, கையில் எலுமிச்சம்பழப் பையோடு.)

"விடாதீங்க டீச்சர்!" என்றார் பால்காரர், என் பேச்சை வைத்தே கண்டுபிடித்து. அவ்வளவுதான். பழப்பையை அவர்கள் மேஜைமேல் வைத்துவிட்டு, அடிப்படை உரிமைகள் பாடத்தை முதலிலிருந்து ஆரம்பித்தேன். வகுப்பில் ஒரு நாளும் இத்தனை கவனமாக யாரும் கேட்டதில்லை. கூட்டம் கை தட்டியது. சமத்துவம் பற்றி உச்சத்தில் பேசிக்கொண்டிருந்தபோது என் ஸ்கூட்டர் சீட்டு பாட ஆரம்பித்தது.

அம்மாவின் அழைப்புக்கென்று வைத்திருந்த பாட்டு. நின்றது, மறுபடி பாடியது. அப்போதுதான் உறைத்தது: அந்த வளையத்தில் இருப்பது ஸ்கூட்டர் சாவி மட்டும் இல்லை. கோமதியின் தாலி காவலரின் சட்டைப்பையில் இருக்கிறது.

என் குரல் எனக்கே அடையாளம் தெரியாமல் மாறிப்போனது. "சார், தங்கச்சி கல்யாணம். தாலி இருக்க ரூம் சாவி அதுல கெடக்கு. அத மட்டுமாவது கழட்டித் தாங்க."

"ஒருத்தனுக்கு ஆஸ்பத்திரிங்கான், ஒருத்தனுக்குச் சாவு வீடுங்கான். ஒங்களுக்குத் தாலியாக்கும்?" என்றார் அவர். பட்டுச்சேலையைப் பார்த்தும் நம்பவில்லை. மணி பத்தைத் தாண்டியிருந்தது. எனக்கு அழுகை வந்தது. அதைக் கோபமாக மாற்ற முயன்று இரண்டுமாக வெளிவந்தது.

அந்த நேரத்தில் ஒரு பைக் வந்து நின்றது. பட்டுவேட்டி, நெற்றி நிறையச் சந்தனம். மாப்பிள்ளையின் சித்தப்பா. பண்பொழிக்காரர், ஓய்வு பெற்ற எஸ்.ஐ. தலையில் ஹெல்மெட் இல்லை.

"ஏம்மா உலகு, இங்கன என்ன பண்ணுத? அங்கன ஐயரு கடியாரத்தயே பாத்துக்கிட்டு இருக்காரு!"

சாவிக்காரர் விறைத்து நின்று சல்யூட் அடித்தார். "ஐயா! நம்ம ஆளுன்னு இவங்க ஒரு வார்த்த சொல்லலியே ஐயா!" அடுத்த நொடி சாவி என் கையில் இருந்தது.

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. சீட்டைத் திறந்து போனை எடுத்து அவர் முகத்துக்கு நேராக நீட்டினேன். "லைசென்ஸப் பாருங்க சார்."

"அதெல்லாம் வேண்டாம்மா, கெளம்புங்க."

"பாத்துத்தான் ஆகணும்! இந்த அண்ணாச்சிக்கும் சாவியக் குடுங்க!"

"அது அவங்க டூட்டிம்மா, நாம தலையிடக் கூடாது" என்றார், எனக்காகத் தலையிட வந்த மாமா. "நேரமாகுது, வண்டிய எடு."

எடுத்தேன். அதுதான் இன்றும் பொறுக்கவில்லை. பால்காரர் என்னைத் திட்டியிருக்கலாம். "போங்க தாயி, மொதல்ல கல்யாணத்தப் பாருங்க" என்றார். கேன்களுக்குப் பக்கத்தில் அப்படியே நின்றுகொண்டிருந்தார்.

முகூர்த்தம் முடியும் தறுவாயில் தாலி ஏறியது. கல்யாண ஆல்பத்தில் அந்தப் படம் இருக்கிறது. மாப்பிள்ளை முடிச்சுப் போடுகிறார், கோமதி தலைகுனிந்திருக்கிறாள், பின்னால் ஹெல்மெட்டோடு நான். கழற்ற மறந்துவிட்டேன். எலுமிச்சம்பழத்தையும் காவலர்கள் மேஜையிலேயே மறந்துவிட்டேன். சாயங்காலம் அந்த வழியாகப் போனபோது, காவல்துறை ஜீப்பின் முன்னால் பச்சைமிளகாயோடு கோத்த புத்தம்புது எலுமிச்சம்பழம் ஒன்று தொங்கியது. என்னுடையதுதான் என்று நிரூபிக்க என்னிடம் ஆதாரம் இல்லை.

அந்தப் படத்தை ஆயிரம் தடவை பார்த்து, கதையை ஆயிரம் தடவை கேட்டு வளர்ந்தவள் கோமதியின் மகள். இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். நான் அவர்கள் வீட்டுக்குப் போனால், படி ஏறும் முன்பே குறுக்கே குதித்து ஸ்கூட்டர் சாவியைப் பிடுங்கிக்கொள்வாள்.

"பெரியம்மா, நீங்க யாரு ஆளு?"

"இந்திய நாட்டுக் குடிமகள்" என்று நான் சொல்ல வேண்டும். சொன்னால்தான் விளையாட்டு.

"குடிமகள்லாம் அங்கன ஓரமா நில்லுங்க!"

வீடே சிரிக்கும். அவள் அப்பா சிரிப்பார், பண்பொழி மாமா கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்பார். நானும் கொஞ்ச நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு ஓரமாக நின்று பார்ப்பேன். பிறகு, "நான் ஒன் ஆளுதாம்ட்டி" என்று சொல்லித்தான் ஒவ்வொரு முறையும் சாவியைத் திரும்ப வாங்குகிறேன்.